ஈரக் கழிவு

கட்டபெட்டுக்குக் கீழே, கொழுந்து நிறுக்கிற கொட்டகையில்
பதினோரு வருஷமாக முள்ளைப் பார்க்கிறேன்.
முள் போய்ச் சிவப்பு எண்கள் வந்து நாலு வருஷம்.
வாய் இன்னும் முள் என்றுதான் சொல்கிறது.

மழை நாளில் சாக்குக்கு இவ்வளவு என்று கழிக்க வேண்டும்.
ஒரு பிடி அள்ளிப் பிழிந்து
விரலிடுக்கில் வழிவதைப் பார்த்து
அடுத்த ஆள் இருமுவதற்குள் சொல்லிவிட வேண்டும்,
எது இலை, எது தண்ணீர் என்று.
பிசகினால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
எனக்கு ஈரம் கிடையாது என்று வரிசையில் பேச்சு உண்டு.
உண்மை. அதற்குத்தான் சம்பளம்.

எழுத்தும் எனக்கு இந்தக் கை வழியாகத்தான் வந்தது.
லாரி தாமதிக்கும் மாலைகளில்
ரசீதின் பின்பக்கம் எழுதுவேன்.
ஆறு வரி கொள்ளும்.
ஏழாவது, முன்பக்கத்து ரப்பர் ஸ்டாம்ப்
மை ஊறிய இடத்தில் முட்டி நிற்கும்.

எழுதியதைப் பிழிவேன்.
'துயரம்' என்றிருந்தால் தண்ணீர்.
'ஏனோ' என்றிருந்தால் சந்தேகமே இல்லை, தண்ணீர்.
'மூடுபனி': இங்கேயே பிறந்தவன்
அதை எழுதுவது மூச்சு விட்டேன் என்று எழுதுவது மாதிரி.
தண்ணீர்.
கவ்வாத்துக் கத்தியைப் போல, என்று ஒரு நாள் வந்தது.
தேயிலைக்காரன் எவனும் அதைத்தான் எழுதுவான். அடித்தேன்.
மிஞ்சுவது சில நாள் மூன்று சொல்.
சில நாள் தேதி மட்டும்.

பெருமையாகத்தான் இருந்தது.
ஒரு சிற்றிதழில் நாலு வரி வந்தபோது
தம்பி மனைவி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு
"மிச்சம் எங்க, மாமா?" என்றாள்.

போன ஐப்பசி. குன்னூர் ரோட்டில் மண் சரிந்து
ஏழு மணிக்கும் லாரி இல்லை.
மருதாயி கடைசியாக வந்தாள்.
என்னைவிடப் பத்து வயது சின்னவள்.
பெள்ளன் தோட்டத்து இலை, அவளுக்குக் கிலோக் கூலி.
படங்கிலிருந்து சொட்டிய தண்ணீர்
தராசைச் சுற்றி ஒரு குட்டையானது.
முப்பத்தொன்று காட்டியது.
பிழிந்தேன்.
"ஆறு ஈரம். இருபத்தஞ்சு."

சண்டைக்கு வரவில்லை.
தலைக்கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"கழிச்சுக்கங்க. தண்ணிதான்.
ஆனா அந்த ஆறையும் சேத்துத்தான
ஒன்றரை மைலு ஏத்தம் ஏறுனேன்.
அத எந்த ஏட்டுல எழுதுவீங்க?"

ஏட்டில் மூன்று கட்டம்.
மொத்தம், கழிவு, நிகரம்.
நிகரத்தில் இருபத்தைந்து எழுதினேன்.
வேறென்ன எழுதியிருக்க முடியும் என்று
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை,
நானே கேட்டுக்கொள்வதைத் தவிர.

அன்று ராத்திரி ரசீதின் பின்பக்கம்
அவள் சொன்னதை அப்படியே எழுதிப் பிழியப் போனேன்.
விரல் மடங்கவில்லை.
குளிராகவும் இருக்கலாம்.

அதிலிருந்து அடித்த சொல்லை முழுக்க அழிப்பதில்லை.
ஒற்றைக் கோடு. அடியில் கிடப்பது படிக்க வர வேண்டும்.
ஓரத்தில் சின்னதாக ஒரு எண்,
இந்த வரியில் எத்தனை கழித்தேன் என்று.
இதனால் கவிதை தேறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
போன வாரம் எழுதியது படுமோசம்,
மூலையைப் பிடித்துத் தூக்கினால் சொட்டும்.
அதையும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

லாரி அன்றைக்கு ஒன்பதரைக்கு வந்தது.
சாக்கு ஏற்றுகிற ரஃபீக்
மருதாயியின் மூட்டையைத் தோளில் வாங்கி
ஒரு கணம் தள்ளாடி
"இருபத்தஞ்சா இது?" என்றான்.

நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன்.