வேறு ஏதேனும்

கணினி கேட்கிறது:
மருந்தா, இரத்தமா, உறுப்பா?
ஒன்றைச் சொடுக்காமல்
அடுத்த பக்கம் திறக்காது.

ட்ரோம்ஸோவில் டிசம்பர். காலை ஒன்பது மணி,
ஜன்னலில் இன்னும் இரவு.
என் மேசையோரப் பெட்டியில்
பதினான்காம் எண்காரரின் மலம்.
ஐம்பது கிராம். உப்புநீரில் கரைத்து வடித்து
மாதக்கணக்காய் உறைந்திருந்து
நேற்றிரவு முதல் இளகிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் அறையில் ஹால்டிஸ்,
படகுத்துறையில் சீட்டுக் கிழிப்பவள்.
ஒரு கடைவாய்ப்பல்லுக்காக விழுங்கிய மாத்திரைகள்
ஊரையே காலிசெய்துவிட்டுப் போயின.
வெறிச்சோடிய குடலில் ஒற்றைக் கிருமி வந்து
எல்லா வீட்டுக்கும் பட்டா எழுதிக்கொண்டது.
இரவுக்குப் பதினொரு முறை
கட்டிலுக்கும் கழிவறைக்கும் படகு விடுகிறேன்,
சீட்டே இல்லாமல், என்கிறாள்.

எண்காரரை நான் பார்த்ததில்லை.
ஓட்வார் சொன்னதுதான்:
இரத்தம் கொடுக்க வந்தவரிடம்
தயங்கித் தயங்கி இதையும் கேட்டார்களாம்,
சிரித்துவிட்டுச் சரி என்றாராம்.
வாரம் இருமுறை, வேலைக்குப் போகிற வழியில்
வெள்ளை டப்பாவை மேசையில் வைத்து
"இன்றைக்குச் சுமார்தான்" என்பாராம்.

மருந்து என்று சொடுக்கினேன்:
தயாரித்த நிறுவனம்?
இரத்தம்: பிரிவு?
உறுப்பு: கொடையாளர் இறந்த நேரம்?
அவர் இந்நேரம்
வாசலில் பனி வாரிக்கொண்டிருப்பார்.

கீழே சாம்பல் நிறத்தில், வேறு ஏதேனும்.
விவரிக்கவும், இருபது எழுத்துக்குள்.
குடிகள் என்று எழுதினேன். அழித்தேன்.
ஓர் ஊர் என்று எழுதினேன்.
மருந்தகத்திலிருந்து தொலைபேசி வரும், அழித்தேன்.
மலம் என்று எழுதினேன்.
நிறைய இடம் மிச்சமிருந்தது.

குழாய் வழியே போய்ச் சேர்ந்தது.
அரைமணி நேரம்கூட ஆகவில்லை.
பத்து வருடமாக மாநாடுகளில்
வண்ண வண்ண வரைபடங்களாய்ப் பார்த்தது
பழுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள்
உருளைக்கிழங்கைத் தோலோடு தின்றிருந்தாள்.
இரவு முழுக்கத் தூங்கியிருந்தாள்.
"அவருக்குக் கருவாடு பிடிக்குமா டாக்டர்?
எனக்கு இப்போது அதே நினைப்பு."
அதற்கு ஆதாரம் ஏதுமில்லை என்றேன்.
"ஆதாரம் கிடக்கட்டும்,
அந்த மனுஷன் வயிறு குளிரட்டும்."

எண்காரரிடம் இதைச் சொல்லலாமா?
ஓட்வார் விதிகளைப் புரட்டினான்,
கூடாது.
வெளியே இருட்டில் யாரோ
பனி வாருகிற சத்தம்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
பெண். கையில் சின்ன மண்வாரி.