விளிம்பில் ஐந்து

லாங் பஜாரில் வெல்ல மண்டிக்கு மேல்
மரப்படி பதினேழு ஏறினால் முஷ்தாக் பாயின் அறை.
மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் தராசைத் திறந்தார்.
வேலூர் வெயில் உடனே உள்ளே வந்து
எங்கள் மூவருக்கும் நடுவில் உட்கார்ந்தது.

ஏழு புள்ளி ஒன்பது மூன்று.
"எட்டு இல்லியா?" என்றான் லோகு.
"பவுனுன்னா எட்டுன்றது நகைக்கடைக் கணக்கு.
இது பொறக்கும்போதே எட்டு இல்ல.
ஊர் சுத்தி இன்னும் கொஞ்சம் எளச்சிருக்கு."

காசின் முகத்தை அவர் தொடவில்லை.
இரண்டு விரலில், விளிம்பில்,
சுடுகிற டம்ளரைப் பிடிப்பதுபோல் திருப்பினார்.
குதிரைக் குளம்புக்குக் கீழே, பதினெட்டாம் வருஷத்துக்கு மேலே
கடுகளவு ஓர் எழுத்து.
பம்பாயில் அடித்ததாம்,
அந்த ஒரு வருஷம்தானாம்.
லோகு என் காலை மிதித்தான்.
அவன் கண்ணில் அதற்குள் மாடி எழும்பிக்
கைப்பிடிச் சுவர்வரை வந்துவிட்டது.

"தேயாம இருந்தா," என்றார் பாய்.
பிறகு கழிக்கத் தொடங்கினார்.
ராஜாவின் காதுமடல் போய்விட்டது.
மீசை எது, தாடி எது தெரியவில்லை.
குதிரைமேல் இருப்பவனுக்கு நெஞ்சு தட்டை.
தலைக்கு மேல் வளையம் பற்றவைத்துப் பிடுங்கிய வடு.
(அம்மாவின் தாலிக்கயிற்றில் கிடந்தது,
அப்பா போகும்வரை.)
மீதி இடமெல்லாம் மயிரிழைக் கோடுகள்.
"பல்பொடி போட்டுத் தேச்சீங்களா?"
அம்மா தேய்ப்பாள், என்றேன். போகிக்குப் போகி.
"அழுக்கோட உட்டிருந்தா இது காசு.
மினுக்கி மினுக்கி வெறும் தங்கமா ஆக்கிட்டாங்க."

கடைசியாக விளிம்பைச் சுழற்றினார்.
சுற்றிலும் இருந்த நுண்பற்கள்
ஐந்து இடத்தில் மழுங்கியிருந்தன.
"உரைகல். அடகுக்கடைக்காரன் ஒவ்வொருத்தனும்
அவனவன் கல்லைத்தான் நம்புவான்."

லோகு விரல் விட்டான்.
பாலாற்றோரம் போர் போட்டது, தண்ணீர் வரவில்லை.
என் பிரசவம்.
அவன் பாலிடெக்னிக்.
அப்பாவின் டயாலிசிஸ்.
"அஞ்சாவது இன்னாக்கா?"

இதுதான் புதுசு, என்று பாய் லென்ஸை நீட்டினார்,
பத்து வருஷம்கூட ஆகியிருக்காது.
லோகு வெகுநேரம் பார்த்தான்.
"நமக்குத் தெரியாம அம்மா எதுக்கோ..."
மேலே சொல்ல வரவில்லை அவனுக்கு.

அம்மா இல்லை.
ஆம்பூர், ஷூ கம்பெனி வாசலுக்கு எதிர்க்கடை.
ஆடிக் கிருத்திகைக்கு அவள் திருத்தணி போயிருந்த அன்று
அரிசி டின்னில் கைவிட்டு எடுத்தேன்.
குடியாத்தத்தில் லுங்கி ஏவாரம் வைக்கிறேன் என்றவன்
அப்போது என் புருஷன்.
ஏவாரமும் வைக்கவில்லை, அவனும் வரவில்லை.
பதினான்கு மாதம் தோலுக்குப் பசை தடவி
வட்டியும் முதலுமாக மீட்டு
மறுபடி அரிசிக்குள் புதைத்தேன்.
யாருக்கும் தெரியாது என்றுதான் இருந்தேன்.

நடுவில் ஒரு போகி வந்ததே.
அன்று அம்மா வீடு வெள்ளையடித்தாள்,
பாயைக் கொளுத்தினாள்,
குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினாள்.
பல்பொடி டப்பாவை மட்டும்
மாடத்திலிருந்து எடுக்கவே இல்லை.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
அவளும் எங்கே என்று கேட்கவில்லை.
எட்டு வருஷம் கழித்து
இந்த மாடியில், நின்றுபோன விசிறிக்குக் கீழே
இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

தங்கத்தின் விலைதான், என்றார் பாய்,
அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல.
அதில் பாதி என் சீட்டுப் பணத்தில் அடங்கியது.
கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால்
எனக்கு எட்டியிருக்காது.
லோகு எண்ணாமலே சட்டைப்பையில் வைத்தான்.
"அம்மாவோட ரகசியம் ஒண்ணு இதுல கீது,
நீயே வச்சிக்கோ" என்றான்.
வாயெடுத்தேன்.
அதற்குள் விசிறியைப் போட்டுவிட்டார்கள்.

பாய் சீட்டில் எடை எழுதினார், வருஷம் எழுதினார்.
நிலை என்ற இடத்தில் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தி,
'உபயோகப்பட்டது' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டார்.