ஒரு காசு குறைகிறது

என்னிடம் வந்தபோது அவனுக்குப் பெயரில்லை.
பாலக் காவலன், எண் பதினான்கு.
வலிமை ஆறு, அறிவு மூன்று, விசுவாசம் ஒன்பது.
மூன்றாம் கட்டத்தில் சாக வேண்டும்.
அதற்கு முன் பேசிக்கொள்ள நாற்பது சொல்.
"அதுவே அதிகம்" என்றான் ஹஃபிசுடின்,
"ஆட்டக்காரன் பொத்தானை அழுத்திக்கொண்டே போய்விடுவான்."

பிரிக்பீல்ட்ஸில், பதினோராவது மாடி.
கீழே வளைவில் திரும்பும்போது
மோனோரயில் ஒருமுறை முனகும்.
அந்த முனகலுக்குள் முடிந்தால்தான் வசனம்
என்பது எனக்கு நானே வைத்த கணக்கு.

முதலில் ஒரு தழும்பு கொடுத்தேன்.
அந்த ஆட்டத்தில் எல்லாருக்கும் தழும்பு உண்டு,
பன்றிக்குக்கூட.
பிறகு, செத்துப்போன மனைவி.
மறுநாள் பசியாறும் முன்பே அவளை அழித்தேன்;
ஒருத்தியைக் கொன்றுதானா
ஒருவனை ஆளாக்குவது?
பழமொழி பேசவிட்டேன், காலண்டர் தாளானான்.
விக்கல் கொடுத்தேன். குரல் கொடுக்க வந்த யோகநாதன்
இரண்டு முறை விக்கிவிட்டு
மூன்றாவதற்குத் தனிச் சம்பளம் கேட்டார்.

புதன்கிழமை மாலை, மழை.
கிள்ளான் ஆறு தேத்தண்ணீர் நிறத்தில்
சுவரில் பாதி ஏறியிருந்தது.
ரயில் வராத நடைமேடையில் நின்று
கைப்பேசியில் எழுதினேன்:
"ஐயா, ஏழு காசு இருக்குமா? நாளைக்குத் தந்திடுறேன்."
ஆறே சொல்.
மிச்சம் முப்பத்து நான்கை
அலுவலகத்துக்கே திருப்பிக் கொடுத்தேன்.

ஏன் ஏழு, என்றாள் சியூ ஃபென்.
பத்து என்றால் பிச்சை,
ஐந்து என்றால் பழக்கம்,
ஏழு கேட்பவன்
வழியெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்திருக்கிறான்.
உத்தண்டன் என்று பெயரும் வைத்தேன்.

ஆடிப்பார்க்க எட்டுப் பேர் வந்தார்கள்.
ஆறு பேர் கொடுத்தார்கள்.
ஒருவன் வாளை உருவினான்.
செராஸிலிருந்து வந்த தர்மினி
பையில் கிடந்த ஐந்தையும் கொடுத்துவிட்டு
மீதி இரண்டைத் தேடி
வந்த வழியே காட்டுக்குள் போனாள்.
ஓநாய்கள் அவளை மூன்று முறை தின்றன.
"உலகத்தைக் காப்பாத்தப் போகலையா?" என்றேன்.
திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்:
"இருங்கண்ணே, அவன் அங்க நிக்கிறான்."

அன்றிரவு ஹஃபிசுடின்
யாரிடமும் சொல்லாமல்
உத்தண்டனின் சாவை நீக்கியிருந்தான்.

இப்போது ஒன்பதாம் கட்டத்தில்,
அரக்கனின் கோட்டைக் கதவு பாதி திறந்த பிறகு,
இசையெல்லாம் உச்சத்தில் இருக்க,
பின்னாலிருந்து ஓடிவருகிறான், மூச்சிரைக்க.
கையில் ஆறு காசு.
"ஒன்னு குறையுது" என்கிறான்.

அந்த ஒன்றைக் குறைக்க
எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.
ஏழு காசையும் எண்ணி வைத்துவிட்டால்
கணக்கோடு ஆளும் முடிந்துபோகிறான்.

செந்தூலில் என்னோடு அறையிலிருந்தவன் புவனேந்திரன்.
மாதக் கடைசியில் ஒருநாள் எழுபது வெள்ளி கொடுத்தான்,
மடித்தது மடித்தபடி, எண்ணாமல்.
நாளைக்கு, என்றேன்.
பதினோரு வருடம் நீண்ட நாளை.
அவன் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது,
பக்கத்தில் தலைக்கவசம் போட்ட பழைய படம்.
இரண்டு முறை கைப்பேசி மாற்றியபோதும்
கூடவே வந்துவிட்டது.

எங்கள் அட்டவணையில்
வலிமைக்குக் கட்டம் உண்டு, அதிர்ஷ்டத்துக்கும் உண்டு.
வெட்கத்துக்கு இல்லை.
இவனுக்கு அதை எங்கிருந்து எடுத்தாய் என்று
கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆட்டம் வெளியான இரவு
எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.
வங்கிச் செயலியைத் திறந்தேன். தொகை கேட்டது.
அறுபத்தொன்பது என்று தட்டினேன்.
அடுத்து, குறிப்பு என்றொரு கட்டம்,
நாற்பது எழுத்துக்கு இடம்.
கோடு விட்டுவிட்டுத் துடிக்கிறது.

கீழே மோனோரயில் முனகிவிட்டுப் போய்
எவ்வளவோ நேரமாகிறது.
இன்னும் முதல் சொல் வரவில்லை.