ஏழாம் போத்தல்

லுணுகலைக்குக் கீழே, தேயிலை முடிந்து
மானாப்புல் தொடங்கும் சரிவில்
ஒரு கல்வெடிப்பு ஆவி விடுகிறது.
ஐம்பத்தொரு பாகை.
லயத்துப் பிள்ளைகள் முட்டை அவிக்கப் பார்த்துத்
தோற்றுப்போன சூடு.

வைகாசியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறேன்.
தண்ணீர்க் கந்தோர் மிஸ் என்கிறார்கள்.
தண்ணீருக்கு இல்லை,
அதில் குடியிருப்பவர்களுக்காக வருகிறேன் என்றேன்.
"அதுல யாரு குடியிருக்கா?"
என்றாள் அமலோற்பவம்,
கொழுந்து நிறுத்துவிட்டு வந்த காலை
வழுக்கும் பாசியில் தேய்த்தபடி.
அவள் குதிகாலின் கீழே
கோடிப்பேர் இருந்தார்கள்.

ஆடியில் கச்சான் அடிக்கையில்
அது தோலாய்த் தடித்துக் கிடக்கும்.
மேலே செம்மஞ்சள்.
நகத்தால் கீறினால் பச்சை.
அதன் கீழே, மேல்வீட்டார் குடித்து மிஞ்சிய
வெளிச்சத்தில் பிழைக்கும் இளஞ்சிவப்பு.
அடியில் கறுப்பு, கூமுட்டை நாற்றம்.
நான்கு மில்லிமீற்றருக்குள் நான்கு மாடி.
செம்மஞ்சள் என்பது நிறமல்ல,
வெயிலுக்கு அவர்கள் விரித்த குடை.

சீவி எடுத்து, போத்தலில் இட்டு,
மீன் லொறி சலாகுதீன் தரும் ஐஸில் புதைத்து
பேராதனைக்குக் கொண்டுபோவேன்.
பஸ்ஸில் என் பக்கத்து ஆசனம்
எப்போதும் காலி.
சூரை மீன் வாசம்.

கார்த்திகையில் மழை வந்தது.
மலையின் குளிர்ந்த தண்ணீரெல்லாம் வெடிப்புக்குள் இறங்க
வெப்பமானி நாற்பத்திரண்டு காட்டியது.
தோல் உரிந்து ஓடையோடு போயிருந்தது.
மிச்சம், கல்லில் ஊதினால் பறக்கும்போல்
மெல்லிய ஒரு பச்சை.
மேகமூட்டத்தில் யாருக்குக் குடை?
அதைத்தான் சுரண்டினேன்.
ஏழாம் போத்தல்.

அன்றிரவு மேட்டு லயத்தின் பின்சுவரை
மண் தள்ளியது.
பாதையும் இல்லை, பஸ்ஸும் இல்லை.
பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரோடும் இருந்தேன்,
நனைந்த கம்பளியும் பிளேன் டீயும்
அழுது முடித்த குழந்தைகளும்.
விடியுமுன் ஒரு அதிகாரி
டோர்ச்சோடு வந்து தலைகளை எண்ணினார்.
அறுபத்திரண்டு என்று எழுதினார்.
ஒருவர் கூட.
அந்த ஒருவர் நான்.
சொல்ல வாயெடுத்தேன், அவர்
அடுத்த மண்டபத்துக்குப் போய்விட்டார்.

ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருந்தது.
சேட்டுக்குள் வைத்திருந்த போத்தல்
என் உடம்புச் சூட்டில்
இரண்டு பகல், ஒரு இரவு.

ஆய்வுகூடத்தில் அச்சாகி வந்த பட்டியலில்
அந்த ஊற்றைச் சேராதவர்கள் பெருகியிருந்தார்கள்.
இளஞ்சூட்டில் வளர்பவர்கள், இறந்ததைத் தின்பவர்கள்,
மனிதத் தோலில் வசிக்கும் இரண்டு இனம்.
என் தோலாய்த்தான் இருக்கும்.
நிராகரி என்றார் பேராசிரியர்.
என் வரைபடத்தில் கார்த்திகை
ஒரு பல் விழுந்த இடம்.

அறுபத்திரண்டு என்ற கணக்கை
யாரும் நிராகரிக்கவில்லை.
நிவாரணப் பொதியில் ஒன்று
இன்னும் என் பேரில் எங்கோ இருக்கக்கூடும்,
பேர்தான் அதில் இராது.

பங்குனியில் போனேன்.
நாற்பத்தொன்பது.
ஒரு கல்லைப் புரட்டினேன்.
அடிப்பக்கம், மழை எட்டாத குழியில்,
கடுகளவு செம்மஞ்சள்.
ஓடிப்போகவில்லை இவர்கள்.
எல்லாரும் போனபின் போகாதிருந்த சிலர்.
நூற்றுக்கு முப்பத்தொன்றுக்குப்
பட்டியலில் பெயரே கிடையாது:
"வகைப்படுத்தப்படாதது"
என்று வரிசையாக, ஒரு பக்கம் முழுக்க.

"வந்துட்டாங்களா மிஸ் ஒங்க ஆளுங்க?"
அமலோற்பவம் இப்போது
தகரக் கொட்டகையிலிருந்து வருகிறாள்,
அரை மைல் கூடுதல் நடை.
வருகிறார்கள் என்றேன்.
சரி, மிதிக்கல போங்க என்று
பாசியை விட்டுத் தள்ளிப்போய்
வெறும் கல்லாய்த் தெரிந்த இன்னொன்றில்
குதிகாலைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அதிலும் இருக்கிறார்கள்.
நான் சொல்லவில்லை.
பதினோராம் போத்தலின் மூடியைத்
திருகிக்கொண்டிருந்தேன்.