தலைப்பில்லாத செலவு

செந்தூலில் டயர் கடைக்கு மேல்மாடி
எங்கள் அறவாரியம்.
வாடகை கிடையாது. கூட்டம் நடக்கும் புதன்கிழமைகளில்
லியோங் தன் காற்றடிக்கும் இயந்திரத்தை
எட்டு மணிக்கே நிறுத்திவிடுவார்.
அதையும் நன்கொடையில் சேர்க்க வேண்டும்,
எத்தனை வெள்ளி என்று போடுவது?

நான் பொருளாளர்.
பகலெல்லாம் துறைமுகக் கொள்கலன்களுக்குக் கணக்கு,
இரவில் கறுப்புக் காலணிகளுக்கு.
அளவு மூன்று, பதினோரு ஜோடி.
மூக்குக்கண்ணாடி ஆறு.
இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளின் வேன் கட்டணம்,
ஒருவனுக்குப் பாதி மாதம் மட்டும்,
அவன் பாதி மாதம்தான் போனான்.
இந்த முறை நாற்பத்தொரு படிவம்.
கையிருப்பு பத்தொன்பதுக்குத் தலையாட்டியது.

மீதி இருபத்திரண்டைப் பற்றிக்
கூட்டக் குறிப்பில் ‘விவாதிக்கப்பட்டது’ என்றிருக்கும்.
நடந்தது இதுதான்:
மேகலை தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.
சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

தள்ளிவைத்த கட்டில் மூன்றாவது,
யுகநேத்ரா, ஐந்தாம் ஆண்டு, பத்து மூடா அடுக்குமாடி.
வருமானம், வாடகைப் பாக்கி, பிள்ளைகள் எண்ணிக்கை
எல்லாம் அம்மாவின் பேனா.
‘தேவை’ என்ற கட்டத்தில் மட்டும் பென்சில்:

ஆறரை மணி வரைக்கும் பள்ளி நூலகம்.
வீட்டில் மேசை இருக்கிறது.
அது நாசி லெமாக் கட்ட.

தலைவர் விமலேந்திரன், பல் மருத்துவர்,
சட்டவிதி நான்கைப் புரட்டினார்.
நாம் பொருள் கொடுக்கலாம், கட்டணம் கொடுக்கலாம்.
மணி நேரத்தை எப்படிக் கொடுப்பது?
மடக்கு மேசை ஒன்று வாங்கித் தரலாமே என்றேன்.
‘விரிக்க?’ என்றார் மேகலை.
அதற்கு மேல் யாரும் பேசவில்லை.
கீழே ஒரு சக்கரம் உருண்டு
சுவரில் மோதி நின்றது.

நூலகம் ஒன்றரைக்குப் பூட்டப்படும்.
சாவி வைத்திருக்கும் ஆசிரியைக்குத்
தாதி வீட்டில் கைக்குழந்தை.
காவலாளி மன்சோர் எப்படியும் ஏழு வரை இருக்கிறார்.
உட்கார ஓர் ஆள் போதும் என்றார் தலைமையாசிரியை,
கல்வி இலாகா சம்மதித்தால்.
மலாயில் மூன்று பக்கக் கடிதம்.
ஐந்து வாரம் கழித்துப் பதில்:
ஆட்சேபனை இல்லை.
அதன் கீழே ஒன்பது நிபந்தனை.

முன்னாள் மாணவி கோகுலவாணிக்கு நாளொன்றுக்கு இருபது வெள்ளி.
பிஸ்கட். குடிநீர். பென்சில் சீவி இரண்டு,
ஒன்று முதல் நாளே காணாமல் போனது.

திங்கள் நான்கு பேர்.
மழை பெய்த வியாழன் பதினாறு.
ஜூனில் வருகைப் பதிவேடு என் மேசைக்கு வந்தபோது
சில பெயர்களை முன்பே பார்த்த ஞாபகம்:
‘வருந்துகிறோம்’ என்று நானே கையெழுத்திட்டு அனுப்பியவை.
நல்ல எழுத்துக்காரப் பிள்ளைகள்,
பெயருக்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தார்கள்.

ஆகஸ்டில் யுகநேத்ரா வரவில்லை.
ரவாங்குக்கு வீடு மாறிவிட்டார்களாம்.
அங்கே நூலகம் எத்தனை மணி வரை என்று
கேட்க நினைத்தேன், யாரிடம் கேட்பது?

இப்போது ஆண்டுக் கணக்கு.
தளவாடம் இல்லை. உதவித்தொகை இல்லை.
தணிக்கையாளர் சிவப்பில் வட்டமிட்டு
‘பெறுநர் யார்? ஆதாரம் இணைக்கவும்’ என்கிறார்.

அவள் படிவத்தை நகல் எடுத்தேன்.
அம்மாவின் பேனா விழுந்தது,
பென்சில் விழவில்லை.
கட்டம் வெறுமையாக இருந்தது,
எதுவும் கேட்காதவளைப் போல.
மேலே பேனாவால் எழுத மனம் வரவில்லை.
இயந்திரத்தில் கருமையைக் கூட்டினேன்,
இன்னும் கூட்டினேன்.
தாள் முழுக்க இருட்டி வெளியே வந்தது.
எழுத்து தெரிந்தது.