ஏழாம் மேசைக்கு ஒரு நண்டு

செதூபல் துறைமுகத்தில் எங்கள் கடைக்கு
முன்பதிவு கிடையாது.
வாசலில் சீட்டு கிழித்துக்கொண்டு நிற்க வேண்டும்,
நீதிபதியானாலும், வலை இழுப்பவனானாலும்.
ஒலிபெருக்கியில் ஒதீலியா அம்மாள்
எண்ணைத்தான் கூப்பிடுவாள்; பெயரை அல்ல.
பசியில் சண்டை போட்டவர்கள் உண்டு,
எண்ணைத் தவறவிட்டு அழுதவர்களும் உண்டு.

அந்த ஞாயிறு, அறுபத்திரண்டு.
சீட்டு அவள் கையில்.
அவன் இரண்டடி தள்ளி நின்று
கொடுக்குகளில் ரப்பர் வளையம் மாட்டிய
லாப்ஸ்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
மருத்துவமனையில் உறவினரைப் பார்ப்பது போல.

பதினோரு செப்டம்பராக எனக்கு அவர்களைத் தெரியும்.
வால்தெமார், லுர்தெஸ்.
பெயர்கள் தெரிந்தது கடனட்டை ரசீதில்.
ஏழாம் மேசை, ஆற்றைப் பார்த்த பக்கம்,
இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்.
எதிர் நாற்காலியில் அவள் கைப்பை உட்காரும்.

இந்த முறை கைப்பை அவள் மடியில்.
எதிர் நாற்காலியில் அவன்,
ஆற்றுக்கு முதுகு காட்டி.

காகித விரிப்பைப் போட்டேன்,
காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் கவ்வி மாட்டினேன்.
"வழக்கம் போலத்தானே?" என்று கேட்டுவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
இருபத்தாறு வருடம் தட்டு தூக்கியவன்
கேட்கக் கூடாத கேள்வி அது.
"ஒரு நண்டு" என்றாள்.
நண்டைப் பாதியாக நாங்கள் விற்பதில்லை.
விற்றால் இரண்டு பாதி கேட்டிருப்பார்கள்.

கடையில் அப்போது காதடைக்கும் சத்தம்.
முப்பது மேசை, முப்பது மரச் சுத்தியல்,
தச்சுப் பட்டறையில் பந்தி வைத்தது போல.
மூலைத் தொலைக்காட்சியில் பந்தாட்டம்;
கோல் விழுந்தால் மட்டும் சுத்தியல்கள் நிற்கும்.
ஒல்லாந்துக்காரர் ஒருவர்
பாறைக் கொட்டலசைத் தூக்கிப் பிடித்து
"இது விலங்கா, விரலா?" என்று கேட்டார்.
"கிலோ எண்பது யூரோ" என்றேன்.

இத்தனை வருடமும் உடைத்தது அவள்தான்.
கணுவில் ஒரு தட்டு, ஒரு திருகு,
சதை கிழியாமல் முழுசாக வரும்.
பேச்சை நிறுத்தாமலே
அதை அவன் தட்டோரம் வைப்பாள்.
அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பான்.

அன்று சுத்தியலை
மேசை நடுவே நகர்த்தி வைத்தாள்.

அவன் எடுத்தான். அடித்தான்.
ஓடு நொறுங்கிச் சாறு தெறித்தது,
அவள் மூக்குக்கண்ணாடி முழுக்க.
ஐந்தாம் மேசைக் குழந்தை கைதட்டியது.
எலுமிச்சை மணக்கும் ஈரத்துணியோடு ஓடினேன்.
(ஓடினேன் என்பதை என் முழங்கால் ஒத்துக்கொள்ளாது.)
அவள் மெதுவாகத் துடைத்தாள்,
ஒரு சில்லை, பிறகு மற்றதை.
பிறகு சொன்னாள்:
"நடுவில் இல்லை. கணுவில்."

ஒன்றேகால் மணி நேரத்தில் என் காதில் விழுந்தது
அது மட்டும்தான்.
அந்தப் பக்கம் நான் போன ஒவ்வொரு முறையும்
ஓட்டுக் குவியல் உயர்ந்திருந்தது.
வீட்டுப்பாடம் எழுதும் பையனைப் போல
அவன் நாக்கு நுனி வெளியே நீண்டிருந்தது.

கடைசியில் மாட்டிறைச்சி வைத்த ரொட்டி.
கடலைத் தின்றவர்கள் எங்கள் ஊரில்
மாட்டில்தான் முடிப்பார்கள்; காரணம் கேட்காதீர்கள்.
அவன் தின்றான். அவள் பொட்டலம் கட்டச் சொன்னாள்.

கணக்கை விரிப்பின் மேலேயே பென்சிலால் எழுதினேன்.
ஐம்பத்தேழு யூரோ, முப்பத்தைந்து சென்ட்.
"இரண்டாக" என்றான்.
நடுவே கோடு கிழித்தேன்.
ஒற்றைச் சென்ட் மிஞ்சியது.
யார் பக்கம் எழுத என்று தெரியாமல்
கட்டைவிரலால் அழித்துவிட்டேன்.

அவள் படகுத்துறைப் பக்கம் போனாள்.
அவன் இன்னும் கொஞ்ச நேரம்
லாப்ஸ்டர்களோடு நின்றான்.

விரிப்பைச் சுருட்டும்போது பார்த்தேன்.
அவள் தட்டின் ஓரத்தில்
ஒரு கொடுக்குச் சதை.
கிழியவில்லை. நுனிச் சிவப்புகூட அப்படியே.
எப்போது வைத்தான், அவள் பார்த்தாளா, தெரியாது.

எறிய மனம் வரவில்லை.
சமையலறைக் கதவுக்குப் பின்னால்,
ஒதீலியா அம்மாள் அறுபத்தொன்பதைக் கூப்பிடும் நேரம்,
நின்றபடியே தின்றேன்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.