அசம்போய்

கேலாங் காப்பிக்கடை. மின்விசிறிக்கு அடியில்
ஐஸ் மிதக்கும் பீருக்குள்
அசம்போய் ஒன்றைப் போடுகிறேன்.
பழத்தின் மேலுப்பு
நுரை கிளப்பிக்கொண்டு இறங்குகிறது.
எனக்கு வெறும் கசப்பு போதாது,
கொஞ்சம் புளிக்கவும் வேண்டும், கரிக்கவும் வேண்டும்.

'நல்ல பீரைக் கெடுக்கிறாய்' என்கிறான் குணாளன்.
போன வாரம்
கறிவேப்பிலை போட்டு வடித்த ஒன்றைப்
பதினெட்டு வெள்ளிக்கு வாங்கி,
'ரசத்துக்கே சளி பிடித்த மாதிரி' என்று
பாதியில் வைத்துவிட்டு வந்தவன்.

பாண்டான் பீர், டுரியான் பீர் என்று
பெயர் சொன்னாலே மூக்கைப் பொத்துவாள்
பீர் ஆன்ட்டி மெய் ஃபோங்.
அவள் குடிப்பது
பார்லித் தண்ணீர்.

கை கழுவிவிட்டு வருகிறேன்.
கிளாஸில் பழத்தைக் காணோம்.
'கடைசி ரயில் போயிருக்குமா?'
தலையை மட்டும் ஆட்டுகிறான் குணாளன்,
ஒரு பக்கக் கன்னம்
புடைத்திருக்க.